பிரெக்ஸிட்: நார்வே மாடலா, கனடா மாடலா?

2016 ஜூன் 23 நடந்த ஓட்டுல பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறலாம்னு (அதுதான் பிரெக்ஸிட்) 52-48னு முடிவாச்சு, சரி, ஆனா எப்படி வெளியேறுறதுன்னு அந்த ஓட்டுச்சீட்டுல ஒரு வரிகூட கிடையாது, அதுக்கப்புறம் நடந்த சண்டைல பாதி இந்த ரெண்டு மாடலுக்கு நடுவுலதான்.

நார்வே ஐரோப்பிய யூனியன்ல மெம்பர் இல்ல, 1972லயும் 1994லயும் மக்களே வேணாம்னுட்டாங்க, ஆனாலும் சிங்கிள் மார்க்கெட்டுக்குள்ள, அதாவது யூனியனோட பொதுச் சந்தைக்குள்ள, இருக்கு. லண்டன் பேங்க்காரங்களுக்கு இதுதான் வசதி. மீன்பிடி உரிமையும் தன் கையிலயே. ஆனா காசு கட்டணும், யூனியன் நாட்டு ஆளுங்க வந்து தங்கி வேலை பாக்கலாம், விதி போடுற இடத்துல மட்டும் ஓட்டு இல்ல. குடியேற்றத்த குறைக்கணும்னு ஓட்டு போட்டவங்ககிட்ட போய் இத எப்படி சொல்றது?

கனடா மாடல்னா யூனியனோட வெறும் வர்த்தக ஒப்பந்தம் மட்டும்தான், அதுல இந்த குடியேற்ற தொல்லை இல்ல, சந்தாவும் இல்ல, சுங்கவரியும் பெரும்பாலும் இல்ல. ஆனா சர்வீஸ் துறைக்கு கதவு பாதிகூட தொறக்காது, பிரிட்டன் பொருளாதாரமே முக்கால்வாசிக்கு மேல சர்வீஸ்தான்! பார்டர்ல கஸ்டம்ஸ் பேப்பர் வேற, பிரிட்டனோட வட அயர்லாந்துக்கும் யூனியன்ல இருக்கற அயர்லாந்துக்கும் நடுவுல எல்லைல செக்போஸ்ட் போட்டா அங்க நடந்த பழைய மோதலோட ரணம் கிளம்பிடும்.

என் ஓட்டு நார்வேக்குதான், வெளியேற வேணாம்னு ஓட்டு போட்ட 48 சதவீதம் பேரும் பிரிட்டன் ஆளுங்கதானே. 2019 ஏப்ரல்ல நார்வே மாதிரி ஒரு திட்டம் பிரிட்டன் பார்லிமென்ட்ல 261-282னு தோத்துச்சு, 2021லேருந்து இருக்கறது கிட்டத்தட்ட கனடா வகை.