கல்யாண சிடியைக் கோப்பாக்கி நாலு வருஷம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டு பீரோவில் ஒரு ரெக்சின் பை இருந்தது. அதற்குள் 23 டிவிடி: அண்ணன் கல்யாணம், தங்கச்சி சீர், கோயில் நோம்பி. அம்மா இன்றைக்கும் அதை சிடி என்றுதான் சொல்வார். நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் கல்யாணத்தைப் போட்டோம். முதல் வட்டின் கடைசியில் அக்கா இணைச்சீர் (மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் சடங்கு) செய்கிற இடம் வந்ததும், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். விரல் படுவதும் உரசுவதும் வெளி ஓரம்தான். கடைசிக் காட்சி ஏன் முதலில் போகிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

அவசரத்தில் படித்த வட்டுகளையெல்லாம் ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ சுருக்கும் மென்பொருளில் நேராக எம்பி4 கோப்பாக்கினேன். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆர்எஃப் 28 வைத்தேன்; ஆர்எஃப் என்பது தர அளவு, எண் கூடினால் தரம் குறையும். கூறைச்சேலைக் கரை கூழாகிவிட்டது. தாலி கட்டுகிற கை அசையும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு வேறு. நம் ஊர்க் கல்யாண டிவிடி பெரும்பாலும் பால் (PAL) என்கிற பழைய டிவி முறை: 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படத்திலும் ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். பழைய டியூப் டிவியில் இது தெரியாது. இன்றைய திரையில் பல்லிளிக்கும்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மேக்எம்கேவி என்கிற மென்பொருளை வைத்து, டிவிடியில் உள்ளதை அப்படியே எம்கேவி என்கிற வீடியோ கோப்பாக்கிவிட்டேன். மறுபடி சுருக்காததால் தரம் துளியும் குறையாது. மெனு மட்டும் போய்விடும், போகட்டும். இந்த மூலத்தில் நான் கை வைப்பதில்லை. பார்ப்பதற்கு அதிலிருந்து தனியாக ஒரு எம்பி4: எச்.264 சுருக்க முறை, ஆர்எஃப் 19, கோடுகளைப் போக்கும் யாடிஃப் பில்டரில் பாப் (ஒற்றை, இரட்டை வரிகளைத் தனித்தனிப் படமாக்கும் அமைப்பு), அதனால் நொடிக்கு 50 படம். தவில்காரர் விரல்கூட இப்போது தெளிவு.

மூலக் கோப்பு பென்டிரைவில் ஏறாது. பென்டிரைவ் ஃபேட்32 என்கிற கோப்பு அமைப்பில் இருந்தது; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் அம்மாவின் டிவி பென்டிரைவையே கண்டுகொள்ளவில்லை. எம்பி4 சின்னது என்பதால் தப்பித்தேன்.

அந்த இணைச்சீர் வட்டுதான் உயிரை வாங்கியது. ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் போக்கிலேயே விழும். லேப்டாப் டிரைவ் கைவிட்டதை ஒரு பழைய டெஸ்க்டாப் டிரைவ் பாதிக்கு மேல் படித்தது. மிச்சத்துக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்கிற மீட்பு மென்பொருள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும்; விட்ட இடத்தை ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும். இரண்டு ராத்திரி ஓடியது. மூன்று நொடி தவிர எல்லாம் வந்தது.

எல்லாம் சேர்த்து 90 ஜிபி சொச்சம். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று திருப்பூரில் அக்கா வீட்டில். மாட்டுப்பொங்கலுக்குப் போகும்போது ஹேஷ் எண்களை (கோப்பு ஒரு துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) ஒப்பிட்டுப் பார்ப்பேன். போன வருஷம் என்னுடையது செத்துவிட்டது. அக்காவுடையதிலிருந்து மறுபடி நகல் எடுத்தேன்.

டிவிடிகளை நான் எறியவில்லை. "ஏங்கண்ணு, அதான் எல்லாம் டிவில வருதல்ல, அந்த சிடியக் குடு, கடலைக்காட்டுல கட்டுனா மயிலு வராது" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எதிலும் படிக்காத இரண்டை மட்டும் கொடுத்தேன். வரப்பில் மினுங்கிக்கொண்டு தொங்குகின்றன. மயில் வந்துகொண்டுதான் இருக்கிறது.