பிழைதிருத்தம், திறனறிவு: குரூப் 4-க்கு எதை வைத்துப் பயிற்சி செய்வது?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: பள்ளிப் பாடநூல், கடையில் வாங்கிய கைடு, டிஎன்பிஎஸ்சியின் பழைய வினாத்தாள்கள், போனில் ஒரு டெஸ்ட் ஆப். இவற்றில் எது நல்லது என்று யாராவது கேட்டால், எந்தப் பகுதிக்கு என்று திருப்பிக் கேட்பேன். தமிழ்ப் பகுதியின் பிழைதிருத்தத்துக்குக் கைகொடுப்பது, கணக்கும் புதிருமாக 25 கேள்விகள் வரும் திறனறிவுப் பகுதியில் காலை வாரிவிடும்.

முதலில் பிழைதிருத்தம். இதில் ஆப்தான் கடைசி. 'அழியாப் புகழ்', 'அழியாத புகழ்' இரண்டும் சரியான தொடர்களே. முன்னதில் 'அழியாத' என்பதன் கடைசி எழுத்தான 'த' விழுந்திருக்கிறது; இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் நடுவில் ப் மிகும். பின்னதில் ஈறு கெடவில்லை, மிகாது. தப்பாகத் தொட்டால் சிவப்பு, சரியாகத் தொட்டால் பச்சை என்று காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவும் ஆப்பில் இந்தக் காரணம் கிடைக்காது. காரணம் பிடிபடாதவர் நாளை 'ஓடாக் குதிரை' வந்தால் மறுபடி விழிப்பார். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் நிதானமாக ஒரு முறை படித்தால் சந்திப்பிழையில், அதாவது சொற்கள் சேரும் இடத்தில் ஒற்று தவறுவதில், பாதி பயம் போய்விடும்.

வழக்கமாகச் சொல்லும் சொல்லை மாற்றிச் சொல்லும் மரபுப்பிழை மட்டும் விதிவிலக்கு. ஆந்தை அலறும், கூகை குழறும் என்பதற்கெல்லாம் விதி கிடையாது, மனப்பாடம்தான். அதற்கு பஸ்ஸில் போகும்போது ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

கைடுகளில் தொகுப்பு வசதி உண்டு. ஆனால் சந்திப்பிழை பற்றிய பக்கத்திலேயே அச்சுப்பிழையாக ஒற்று விழுந்துபோயிருந்தால் என்ன செய்வது? பாடநூலோடு ஒத்துப் பார்க்காமல் கைடு விடையை நம்ப வேண்டாம்.

திறனறிவில் கதை தலைகீழ். தனிவட்டி, விகிதம், மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எல்லாம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. பகடை, புதிர், எண் வரிசைக்கு அது போதாது. பகடையின் இரண்டு தோற்றங்கள் தருகிறார்கள்: ஒன்றில் 1, 2, 3, மற்றதில் 1, 4, 5. 1-க்குப் பக்கத்தில் உள்ள நான்கு எண்களும் தெரிந்துவிட்டன, அதன் எதிரே 6-தான். விளக்கம் அவ்வளவுதான், இதைப் பத்து நொடியில் பார்க்கும் பழக்கம்தான் வேண்டும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் சராசரியாக ஒன்றுக்கு 54 நொடி. கடிகாரம் ஓடும் ஆப் இங்கே உண்மையிலேயே உதவுகிறது.

பழைய வினாத்தாள்கள் இரண்டு பகுதிக்கும் தேவை, அதுவும் இலவசம். ஆனால் பயன்படுத்தும் விதம் வேறு. பிழைதிருத்தக் கேள்வியில் சரியான விடையை டிக் அடித்துவிட்டு நகராமல், மற்ற மூன்று தொடரும் ஏன் தவறு என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கேள்வியில் நான்கு பயிற்சி கிடைக்கும். 'மாடுகள் புல் மேய்ந்தது' என்பதை 'மேய்ந்தன' என்று திருத்துவதோடு, அது எந்த வகைப் பிழை என்றும் சொல்லத் தெரிய வேண்டும். திறனறிவுக் கேள்விகளை ஒரே மூச்சில் 25-ஆகப் போட்டு, தேர்வில் செய்வதுபோல் விடைத்தாள் வட்டத்தையும் பேனாவால் நிரப்புங்கள். அந்த நேரத்தை ஆப் கணக்கில் சேர்ப்பதில்லை. விடையைச் சரிபார்க்க இறுதி விடைக்குறிப்பையே எடுங்கள், முதலில் வரும் உத்தேச விடைகள் ஆட்சேபணைக்குப் பிறகு மாறக்கூடும்.

ஆப் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளுக்கான டெஸ்ட்டுகளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். குரூப் 4-ல் தவறான விடைக்குக் கழிவே இல்லை. அந்த டெஸ்ட்டுகளிலேயே பழகினால் சந்தேகம் வந்த கேள்வியை விட்டுவிடும் கை வந்துவிடும். இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இங்கே லாபம்தான். 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்துக்கு அதற்கப்புறம் போனால் போதும்.