வினிப்பெக் குளிருக்கு 0டபிள்யூ-30 ஆயிலா, 5டபிள்யூ-30 ஆயிலா?

கனடாவின் வினிப்பெக் நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது புதுமையன்று. அப்படி ஓர் இரவு முழுதும் வெளியில் நின்ற காரின் ஆயில் அளவுகோலை உருவினால், ஆயில் சொட்டாமல் பாகுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு எஞ்சின் ஆயில்களிலும், சூடான ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கப் பின்னால் வரும் 30 ஒன்றே என்பதால், எஞ்சின் சூடேறிய பிறகு இவற்றிடையே பெரிய வேறுபாடு இராது; 0 என்றதும் தண்ணீர்போல் நீர்த்தது என்று அஞ்சுவோர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வேறுபாடெல்லாம் குளிர்காலத்தைக் குறிக்கும் டபிள்யூவுக்கு முன்னுள்ள எண்ணில்தான். எஸ்ஏஇ என்னும் வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரப்படி, 5டபிள்யூ ஆயிலில் எஞ்சின் எளிதாகச் சுழலுமா என்பதை மைனஸ் 30 டிகிரியிலும், பம்பு அதை உறிஞ்சித் தள்ளுமா என்பதை மைனஸ் 35 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். 0டபிள்யூவுக்கு இவை முறையே மைனஸ் 35, மைனஸ் 40.

கராஜில் நிற்கும் காருக்கும், முன்புறம் தொங்கும் வயரை இரவில் மின்சாரத்தில் செருகி எஞ்சினைச் சூடாக்கி வைப்போருக்கும் 5டபிள்யூ-30 போதும். விலையும் பெரும்பாலும் குறைவு. அந்த வசதியின்றித் தெருவில் நிற்கும் காருக்கு, உரிமையாளர் கையேடு அனுமதித்தால், நான் 0டபிள்யூ-30 ஆயிலையே ஊற்றுவேன்.