வரவேற்புக்கு வந்த மெல்லிசைக் குழு: ஒரு பழைய தபேலாக்காரனின் மதிப்பீடு

போன தை மாதம் என் மகளின் கல்யாண வரவேற்பு வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கச்சேரிக்குக் காட்பாடிப் பக்கத்தில் இருந்து ஒரு மெல்லிசைக் குழுவைப் பேசியிருந்தோம். எட்டுப் பேர், மூன்று மணி நேரம், 42,000 ரூபாய். குழுவின் பெயரை இங்கே போடவில்லை. நல்லதோடு ஒரு குறையையும் எழுதப் போகிறேன், இளம் பிள்ளைகளின் பிழைப்பு அது.

நான் 1991-இல் மேடை ஏறினவன். பகலில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுவேன், சாயங்காலமானால் தபேலா, டோலக். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வேலூர் புஷ்பப் பல்லக்கு என்று 2012 வரைக்கும் வாசித்திருக்கிறேன். அதனால் கச்சேரி என்றால் என்னால் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர முடியாது. யார் எந்த இடத்தில் தாளம் விட்டார்கள் என்று காது தானாகவே போய் நிற்கும்.

முதல் அரை மணி நேரத்துக்கு முழு மதிப்பெண். பிள்ளையார் பாட்டு, பிறகு இரண்டு பழைய டூயட். கீபோர்டு பையன் இடையிசையில் வயலின் பகுதியை ஒரு சுரம்கூட விடாமல் வாசித்தான். இது சின்ன விஷயமில்லை. எங்கள் காலத்தில் ஒரு பாட்டு எடுக்க வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரில் கேசட்டை ரீவைண்ட் செய்து செய்து, நாடா தேயும் வரைக்கும் கேட்போம். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம். நாலரை, ஐந்து நிமிடம் ஓடும். அதில் புல்லாங்குழல்காரனுக்கு ஓர் இடம் இருக்கும், கிட்டார்காரனுக்கு ஓர் இடம் இருக்கும், எனக்கும் ஒரு தீர்மானம், அதாவது தாளத்தை முடித்துக் கொடுக்கிற அடி, இருக்கும். அந்த இடத்துக்காகத்தான் வீட்டில் மணிக்கணக்காகச் சாதகம் பண்ணுவோம்.

எட்டு மணிக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் வந்து புதுப் பாட்டு கேட்டார்கள். அங்கேதான் எனக்கு மனசு கனத்தது. பாடகி மைக்கைக் கீழே இறக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஸ்பீக்கரில் குரல் வந்துகொண்டே இருக்கிறது. லேப்டாப்பில் டிராக், முன்கூட்டியே பதிவு செய்து வைத்தது. பாட்டு மட்டுமில்லை, டிரம்ஸும் பேஸும்கூட அதிலிருந்துதான். எட்டுப் பேரில் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எட்டுப் பேருக்குக் காசு கொடுத்துவிட்டு லேப்டாப்பைக் கேட்பதா என்று கோபம் வந்து, இடைவேளையில் குழுத் தலைவரிடம் போனேன். அவருக்கு முப்பது வயது இருக்கும். நான் தபேலா வாசித்தவன் என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அண்ணா, தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பாட்டுல நாங்க வாசிக்க இன்னா இருக்குது சொல்லுங்க? சவுண்டுதான் பாட்டே. கையில வாசிச்சா, ‘ரீல்ஸ்ல கேட்ட மாதிரி இல்லியே’ன்னு பசங்க முகத்துக்கு நேரா சொல்றாங்க.”

அவர் சொன்னதை அன்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். பொய்யில்லை. 2008-இல் ‘நாக்க முக்க’ வந்தபோதே பாட்டில் தாளம் முன்னால் வந்து, மெட்டு பின்னால் போய்விட்டது. தாளக்காரனான எனக்கு அப்போது கொண்டாட்டம். ஒரே மேடையில் அந்தப் பாட்டை மூன்று தடவை வாசித்திருக்கிறோம், டோலக் வாரை இழுத்துக் கட்டக்கூட நேரம் தர மாட்டார்கள். 2011 நவம்பரில் ‘கொலவெறி’. லாங்கு பஜாரில் கேசட்டோ சி.டி.யோ வாங்காமல், ஒருவரின் போனில் யூட்டியூபைக் கேட்டு நாங்கள் எடுத்த முதல் பாட்டு அது. படம் வெளிவந்தது அடுத்த வருடம்தான். படத்துக்கு முன்னால் பாட்டு ஊரைச் சுற்றிவிட்டது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு ஆட்டுக்காரப் பையனிடம்கூட எல்லாப் பாட்டும் வந்துவிட்டது. ‘ரவுடி பேபி’ 2020 நவம்பரில் யூட்டியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டியது. தென்னிந்தியப் பாட்டுகளில் அதுதான் முதல்.

கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் பட்டனை அழுத்திக் காத்திருக்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே முழுப் பாட்டையும் கேட்டோம். இப்போது ஒரு விரல் போதும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அப்படி இருக்கும்போது 40 விநாடிக்கு முன்னிசை போட எந்த இசையமைப்பாளருக்கு மனசு வரும்? எடுத்த எடுப்பிலேயே பிடித்து இழுக்கும் வரி வந்தாக வேண்டும். 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. ஆடுவதற்கு வாகான இருபது விநாடி எது என்பதில்தான் பாட்டின் விதியே இருக்கிறது. இடையிசை சுருங்கிப் போனது, இரண்டாவது சரணம் பல பாட்டில் இல்லவே இல்லை. நம்ம ஊர் மட்டுமில்லை, ஆங்கிலப் பாட்டும் இப்படித்தான் குட்டையாகிக்கொண்டு வருகிறது. மேடைக் கலைஞனுக்கு இருந்த இடங்கள் எல்லாம் அந்த வெட்டில் போய்விட்டன. இந்தக் குழுவின் குறை என்று நான் நினைத்ததில் பாதி அவர்களுடைய குறையே இல்லை.

மீதிப் பாதி அவர்களுடையதுதான். குரலையும் சேர்த்து டிராக்கில் விடுவதை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல் இருக்கிறது, பழைய டூயட்டில் கேட்டேனே. இசையை டிராக்கில் விட்டாலும் பாட்டை வாயால் பாடட்டும்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு மெட்லி. பதினோரு புதுப் பாட்டு, பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொன்றிலும் ஆடுகிற இடம் மட்டும். எனக்கு மூச்சு முட்டியது. பசங்களும் அந்த இருபது விநாடிக்கு ஆடி, அடுத்தது வருவதற்குள் போனைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆனால் சுருதி மாறும் இடங்களை ஒட்டியிருந்த விதத்தில் வேலை தெரிந்தது. தாளத்தின் வேகம் ஏறியதே தெரியாமல் ஏறியது.

அதற்குப் பிறகுதான் நான் இதை எழுதக் காரணமான இரண்டு பாட்டு.

முதலாவது ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடி வந்தது. எந்தப் படத்திலும் இல்லாத பாட்டைக் கல்யாண மண்டபத்தில் கேட்டு வாங்குவதை எங்கள் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. குழுவில் ரிதம் பேட், அதாவது தட்டினால் பதிவான தாளச் சத்தம் வருகிற மின்னணுக் கருவி, வாசித்தது கல்லூரிப் பெண் ஒருத்தி. டிராக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளே வாசித்தாள். பேடில் இருந்து வந்த சத்தம் கம்பெனி அதில் ஏற்றிக் கொடுத்த சத்தமில்லை. தோல் காய்ந்த பறை, குச்சி படுகிற சுரீர் அதில் இருந்தது. கீழே இறங்கினதும் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அணைக்கட்டுப் பக்கம் எங்க ஊரு, ஐயா. எங்க மாமா பறை அடிக்கிறதைப் போன்லயே பதிவு பண்ணி பேட்ல ஏத்திக்கினேன். டிராக்ல இருக்கறது ரொம்ப சன்னமா இருந்துது.”

இருபது வருடத்துக்கு மேல் தோல் வாத்தியத்தோடு இருந்தவன் நான். தபேலாவுக்குப் பதில் பேட் வந்தபோது வருத்தப்பட்டவர்களில் ஒருவன். அந்தப் பெண் தன் மாமாவின் பறையையே பேடுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேன், வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டாவது ‘கண்மணி அன்போடு’. நான் மேடை ஏறின அதே 1991-இல் இளையராஜா இசையில் வந்த பாட்டு. இதைக் கேட்டது என் வயதுக்காரர்கள் இல்லை. வி.ஐ.டி.யில் படிக்கிற என் அக்கா பையனும் அவனுடைய மலையாள நண்பர்களும். 2024-இல் ஒரு மலையாளப் படத்தில் இந்தப் பாட்டு வந்ததும் அவர்கள் பாட்டாகவே ஆகிவிட்டதாம். பேச்சும் பாட்டும் மாறி மாறி வருகிற பாட்டு அது, ஒட்டுவது கஷ்டம். குழு டிராக் இல்லாமல் முழுசாக வாசித்தது. பையன்கள் ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று பாடினார்கள். ஒருத்தன் கையிலும் போன் இல்லை. பந்தியில் ஆற்காடு மக்கன் பேடா பரிமாறுகிறவர்கூடத் தட்டோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

ஒலி அமைப்பு சுமார். முன்வரிசையில் பேஸ் அதிகம். என் பெரியம்மா இரண்டு தடவை இடம் மாறி உட்கார்ந்தார். சொன்னதும் குறைத்தார்கள். சரியாகப் பத்து மணிக்கு நிறுத்தினார்கள், அதில் ஒழுங்கு.

என் தீர்ப்பு, தாராளமாகக் கூப்பிடலாம். ஆனால் பேசும்போதே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். குரல் டிராக் கூடாது. மெட்லி ஒன்று போதும். அந்த ரிதம் பேட் பெண் வருகிறாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கல்லூரிப் பரீட்சை நாளில் அவளுக்குப் பதில் வேறு ஆள் வருவாராம். பாட்டுப் பட்டியலைப் பத்து நாள் முன்னதாகக் கொடுத்தால் புதுப் பாட்டையும் கையால் வாசிக்கத் தயார் என்று தலைவர் என்னிடம் சொன்னார், ஒத்திகைக்கு அவர்களுக்கு அவ்வளவு நாள் வேண்டும். முன்பணம் 10,000, பாக்கி மேடை இறங்கினதும். குடியாத்தம், ஆம்பூர் பக்கம் என்றால் வண்டி வாடகை தனி.