பில் பதிவு: இருவர் தட்டச்சா, ஏஐ வாசிப்பா?

கொள்முதல் பில்களைக் கணக்கில் ஏற்ற இப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒரே பில்லை இருவர் தனித்தனியே தட்டி, வேறுபடும் கட்டத்தை மூன்றாமவர் தீர்ப்பது பழைய வழி. ஸ்கேன் செய்ததை ஏஐ வாசிக்க, ஒருவர் சரிபார்ப்பது புதியது.

கையால் தட்டும்போது இலக்கங்கள் இடம் மாறும். 5400 என்பது 4500 ஆகும். அந்த வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடுவதால் கண்டுபிடிப்பது எளிது. ஏஐ செய்யும் பிழை வேறு வகை. மங்கிய தெர்மல் தாளில் தெரியாத இலக்கத்தை அது நம்பும்படியாக நிரப்பிவிடும். அதுதான் பெரிய ஆபத்து.

தொகைக்குக் காவல் உண்டு: மாநிலத்துக்குள் வாங்கிய பில் என்றால் வரிக்கு முந்தைய மதிப்பு, சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) மூன்றையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடலாம், பைசா ரவுண்டிங்குக்கு மட்டும் இடம் விடுங்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது என்பதால், சுழியத்தை 'ஓ' என்று வாசித்தாலும் சிக்கிவிடும். பில் எண்ணுக்கும் தேதிக்கும் இப்படி எந்தக் காவலும் இல்லை. ஏஐ வாசித்ததைத் திரையில் காட்டினால் கண் அதையே ஒப்புக்கொள்ளும். ஆகவே அந்த இரண்டு கட்டங்களில் அதன் விடையை மறைத்து, ஆளைத் தட்டச் சொல்லி, பிறகு ஒப்பிடுங்கள்.

அச்சிட்ட பில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் என்றால் ஏஐ போதும். கையெழுத்துப் பில், கார்பன் நகல் என்றால் இருவர் தட்டச்சே நல்லது.