நேரா குடுக்கிற பாலா, கறந்து வச்ச பாலா, பால்மாவா: வைரஸுக்கு எதிரா எது நிக்கும்?

எனக்கும் மச்சாளுக்கும் ஒரு மாச வித்தியாசத்தில பிள்ளையள் பிறந்தது. நான் கிளிநொச்சியில வீட்டோட நிண்டு நேராவே பால் குடுத்தன், மச்சாள் 84 நாள் லீவு முடிஞ்ச கையோட கார்மெண்ட்ஸுக்குப் போயிட்டா, அதால கறந்து வச்சிட்டுப் போவா. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பால் காணாம பால்மா. மூண்டும் ஒரே முத்தத்தில தவழ்ந்ததுகள், ஒரே தடிமன்தான் மாறி மாறி வந்தது. மூண்டு பிள்ளையளை வச்சு ஒண்டும் நிரூபிக்கேலாதுதான், ஆனா எந்தப் பாலுக்குள்ள என்ன இருக்கெண்டது தெரிஞ்ச விசயம்.

முதல்ல நேரா குடுக்கிறது. தாய்க்குத் தடிமன் எண்டா பால் குடுக்காத, பிள்ளைக்கும் வந்திடும் எண்டு அம்மம்மா நிண்டு பிடிப்பா. உது அப்பிடியே தலைகீழ். இவர் வவுனியாவால பஸ்ஸில வரேக்க கொண்டு வந்த தடிமன் எனக்குத் தொத்தினா, என்ர மூக்கிலயும் குடலிலயும் அந்த வைரஸைக் கண்ட எதிர்ப்புக் கலங்கள் மார்புக்கு வந்து, அதே வைரஸுக்கெண்டு ஐஜிஏ எண்ட பிறபொருளெதிரியைச் செய்து பாலுக்குள்ள விடும். அது பிள்ளையின்ர தொண்டையிலயும் குடலிலயும் பூச்சு மாதிரிப் படிஞ்சு வைரஸைப் பிடிச்சு வைக்கும். இரத்தத்துக்குள்ள பெரிசாப் போகாது, அதால குடுக்கிற மட்டும்தான் அந்தக் காவல். நான் மாஸ்க் கட்டி, கை கழுவிக் கழுவிக் குடுத்தன்.

ஐஜிஏ மட்டுமில்ல. லாக்டோஃபெரின் எண்டொரு புரதம், வைரஸ் கலத்தில வந்து ஒட்டுற இடத்தை முந்திப் போய் அடைச்சிடும். பிறகு தாய்ப்பாலில இருக்கிற ஒரு வகைச் சீனியள், நூறு வகைக்கு மேல, பிள்ளைக்கு அது சமிக்கவே சமிக்காது, பிறகேன் அவ்வளவு இருக்கெண்டா அதில பல எங்கட கலத்தின்ர மேற்பரப்பு மாதிரியே வேஷம் போடும், வயித்தோட்டம் குடுக்கிற ரோட்டா, நோரோ மாதிரி வைரஸ் ஏமாந்து அதில ஒட்டிக்கொண்டு வெளியால போயிடும். கொழுப்பு சமிக்கேக்க வாற அமிலங்கள் ஃப்ளூ, கொரோனா மாதிரிக் கொழுப்புப் போர்வை உள்ள வைரஸுகளைக் கிழிக்கும். ஐஜிஏயும் லாக்டோஃபெரினும் கூடுதலா இருக்கிறது முதல் ரெண்டு மூண்டு நாள் வாற அந்த மஞ்சள் பாலில. மாடு கண்டு போட்டா கடும்புப்பாலை அயலுக்கும் குடுத்துச் சாப்பிடுற நாங்கள், எங்கட பிள்ளைக்கு வாறதை மட்டும் பீச்சி ஊத்திப்போட்டுச் சீனித்தண்ணி பருக்கின காலமொண்டும் இருந்ததே!

கறந்து வச்சது அவ்வளவு பின்னுக்கில்ல. ஃப்ரீசருக்குள்ள வச்சா உயிருள்ள கலங்கள் செத்திடும், ஐஜிஏ பெரும்பாலும் தப்பும். ஆனா அடுப்பில கொதிக்க வச்சா அந்த ஐஜிஏயும் போச்சு. மச்சாளின்ர மாமி முதல் நாள் அதைத்தான் செய்தவா, மாட்டுப்பால் காய்ச்சுற ஞாபகத்தில. சுடுதண்ணிக் கோப்பைக்குள்ள போத்தலை வச்சு எடுத்தாக் காணும். ஆடை மேல மிதந்தா பழுதில்ல, மெல்லச் சுத்திக் கலக்கினாச் சரி. சவர்க்கார மணம் அடிச்சாலும் பயப்பிடத் தேவையில்ல, அது கொழுப்பு உடையிற மணம். வெளியில 4 மணித்தியாலம், ஃபிரிட்ஜில 4 நாள். எங்கட வெக்கைக்கு அந்த 4 மணித்தியாலத்தையும் நம்பேலாது, கரண்ட் போனா ஃபிரிட்ஜையும் நம்பேலாது, 2022 இல 13 மணித்தியாலம் கட் பண்ணினதை மறந்திட்டமோ.

பால்மாவில பிள்ளை வளரும், அதில சந்தேகமில்ல. இப்ப சிலதில அந்தச் சீனியில ஒண்டு ரெண்டைச் செய்து போடுகினம், ஆனா தாயின்ர பிறபொருளெதிரி டின்னுக்குள்ள வராது. மற்றது, பால்மா கிருமியில்லாத சாமான் இல்ல. 70 பாகைக்குக் குறையாத தண்ணியில கரைக்கோணும், அதாவது கொதிச்சு அரை மணித்தியாலத்துக்குள்ள, பிறகு ஆற வச்சுக் குடுக்கோணும். காலமை ஃப்ளாஸ்கில ஊத்தி வச்ச தண்ணி பின்னேரத்துக்கு உதவாது, கிணத்துத் தண்ணியை அப்பிடியே ஊத்துறதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். இதுக்காகப் பால்மா குடுக்கிற தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2009 ஏப்ரல் 8 புதுமாத்தளனில பால்மா வரிசையில நிண்ட தாய்மாருக்கும் பிள்ளையளுக்கும் மேல ஷெல் விழுந்த மண் இது.

தாய்ப்பால் எண்டு தடுப்பூசியை விட்டிடாதேங்கோ, 9 மாசத்தில எம்எம்ஆர் போட்டே ஆகோணும். எச்ஐவி மாதிரிச் சிலது பாலாலயே போகும், அது இருக்கிறவை கிளினிக்கில கேட்டுத்தான் முடிவெடுக்கோணும். கண்நோய்க்குப் பால் விடுற வேலையும் வேண்டாம்.

என்ர கணக்கில முதல் நேரா, பிறகு கறந்தது, கடைசி பால்மா. ஆனா மூண்டில ஒண்டைத்தான் பிடிக்கோணும் எண்டில்ல. பக்கத்து அக்கா பால்மாவோட ரெண்டு நேரம் வாற கொஞ்சத்தையும் குடுத்தவா, அதுவும் சும்மா போகாது. மச்சாள் பகலில போத்தல், இரவில நேரா. வேலையால வந்து கைகால் கழுவி சட்டை மாத்தாம மட்டும் பிள்ளையைத் தூக்க மாட்டா, பிள்ளை கத்திற கத்து எங்கட வீட்டுக்குக் கேக்கும்.