டிராஸ்ட் லிகண்டா ஃபாக்ஸா? என் ஓட்டு ஃபாக்ஸுக்கு

நம்ம கொழுந்துல இருக்கிற தியானின்ங்கிற அமினோ அமிலத்தை தேயிலைச் செடி எல் வடிவத்துலதான் (இடக்கை, வலக்கை மாதிரி இருக்கிற ரெண்டு வடிவத்துல ஒண்ணு) செஞ்சு வைக்குது, அதுக்கு லிகண்டும் (உலோகத்தைப் பிடிச்சுக்கிற மூலக்கூறு) வேணாம் ஒண்ணும் வேணாம். நமக்கு ஃப்ளாஸ்க்ல அமீனை ஒரு கார்பன்ல ஒரே பக்கமா ஒட்ட வைக்கணும்னா வினையூக்கியா பல்லேடியத்தோட ஒரு கைரல் லிகண்டையும், அதாவது ஒரு கை வடிவம் மட்டும் உள்ள லிகண்டையும் போட்டு மல்லுக்கட்டணும்.

அந்த மாதிரி லிகண்ட்தான் டிராஸ்ட்டும் ஃபாக்ஸும், ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். ஃபாக்ஸ் 1993ல ஃபால்ட்ஸ், ஹெல்ம்சென், வில்லியம்ஸ்னு மூணு குரூப் தனித்தனியா கொண்டு வந்தது, வேலினோல் மாதிரி அமினோ ஆல்கஹால்ல இருந்து செய்யலாம். டிராஸ்ட் லிகண்ட்ல ஒரு டைஅமீன், ரெண்டு பாஸ்பரஸ். என்னோடது 1,3-டைபீனைல்அல்லைல் அசிட்டேட்டும் பென்சைல்அமீனும், அதுக்கு ஃபாக்ஸ்தான் பொருத்தம், ஈஈ (ஒரு கை வடிவம் மத்ததை விட எவ்வளவு கூடுதல்ங்கிற அளவு) 95 சதவீதத்துக்கு மேலயே போகும். வளைய சப்ஸ்ட்ரேட்னா டிராஸ்ட் பக்கம் சாயலாம், நான் அதுல ரெண்டு ரியாக்‌ஷன்தான் போட்டிருக்கேன், பெருசா பேச முடியாது. ஒரு முனையில மட்டும் குரூப் இருக்கிற அல்லைல்னா (மூணு கார்பன் துண்டு) பல்லேடியத்தையே விடுங்க, அமீன் பெரும்பாலும் நேர் முனையில போய் ஒட்டிக்கும், கைரல் சென்டரே வராது, அதுக்கு இரிடியம்.

ஆனா என்னை முடிவெடுக்க வெச்சது பராமரிப்புதான். டிராஸ்ட் லிகண்டைக் கரைச்சு வெச்ச வயலை (சின்னக் கண்ணாடிக் குப்பியை) சரியா மூடாம ஹட்டனுக்கு வீட்டுக்குப் போயிட்டேன், மூணு நாள் கழிச்சு வந்து அதையே போட்டா ரியாக்‌ஷன் என்னமோ நல்லாத்தான் ஓடுது, ரெண்டு கை வடிவத்தையும் பிரிச்சுக் காட்டுற எச்பிஎல்சில பாத்தா ரெண்டு பீக்கும் கிட்டத்தட்ட ஒரே உசரம், அதாவது ஈஈ கிட்டத்தட்ட பூஜ்யம். மூணு நாளும் மூடின பனிமூட்டத்தைத் திட்டினேன், பாவம் அது மேல தப்பில்ல, வேலையக் காட்டினது ஆக்சிஜன். பாஸ்பரஸ் எந்த நிலையில இருக்குன்னு காட்டுற பாஸ்பரஸ் என்எம்ஆர்ல மைனஸ் 10 பிபிஎம் கிட்ட நிக்க வேண்டிய பீக் சுருங்கிப்போய் ப்ளஸ் 30 பக்கம் புதுசா ஒண்ணு எழும்பி நிக்குது, ஆக்சைடு. ஒரு பாஸ்பரஸ் போனாலும் மத்தது பல்லேடியத்தை விடாம பிடிச்சுக்குது போல, அதான் ஈஈ மட்டும் சத்தமில்லாம சரிஞ்சிருக்கு, இது என் கணிப்புதான்.

ஃபாக்ஸும் பாஸ்ஃபீன்தான் (ஆக்சிஜன் பட்டா ஆக்சைடா மாறுற பாஸ்பரஸ் சேர்மம்), கரைசல்ல விட்டா அதுவும் கெடும், ஆசிட் பட்டா அதுல இருக்கிற ஆக்சசோலின் வளையம் வேற உடையும். ஆனா பவுடரா ஃப்ரீசர்ல கெடந்த வயலை ஒவ்வொரு தடவையும் அப்பப்ப நிறுத்துப் போட்டேன், இதுவரைக்கும் கைவிடல.

பாதி டிராஸ்ட் இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு, சைக்ளோஹெக்சீன் மாதிரி வளைய வேலை ஏதும் வந்தா எடுப்பேன், எடுத்த கையோட முதல்ல ஒரு பாஸ்பரஸ் என்எம்ஆர்.